பகலில் படுத்துப் பார்த்து விற்ற வீடு

“ஆடி பொறக்கறதுக்குள்ள ஒரு புக்கிங்காவது வரணும் ராணி. இல்லன்னா சைட் ஆபீஸைப் பூட்டிடுவேன். உன்னையும் அனுப்ப வேண்டியதுதான். கோச்சிக்காத.”

எங்கள் முதலாளி தனசேகர் சார் இப்படிச் சொன்னது ஒரு பங்குனி மாதம். புதுச்சேரிக்காரர். கோபமாகச் சொல்லவில்லை, டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

இப்போது எங்கள் ஆபீசில் புதிதாகச் சேரும் பிள்ளைகள், “மேடம், முதல் வீட்டை எப்படி வித்தீங்க?” என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன். கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. ஐந்து மாதம் பேசிய பேச்சு

சுரங்கத்தை ஒட்டிய வடக்குத்து ஊரில் எங்கள் அப்பார்ட்மெண்ட்தான் முதல் அப்பார்ட்மெண்ட் என்று நினைக்கிறேன். கீழே வண்டி நிறுத்த இடம், மேலே மூன்று மாடி, மாடிக்கு நான்கு வீடு. பன்னிரண்டும் டூ பெட்ரூம். முந்திரித் தோப்பாக இருந்த இடத்தில் அப்போதுதான் தார் ரோடு வந்திருந்தது. மருந்துக்கடை வந்தது, ஏ.டி.எம். வந்தது. ‘வேகமாக வளர்ந்து வரும் பகுதி’ என்று நோட்டீசில் போட்டோம், அது பொய் இல்லை. ஆனால் சுற்றிலும் மனையெல்லாம் விற்றுத் தீர, எங்கள் பன்னிரண்டு வீட்டை மட்டும் யாரும் சீண்டவில்லை.

நான் அதே ஊர்ப் பெண். எங்கள் தெருவிலிருந்து ஐ.டி. கார்டு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். கார்டை ஆபீசில் போய் மாட்டினால் போதும். நான் வீட்டிலேயே மாட்டிக்கொண்டு, தெருவை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றிவிட்டுத்தான் போவேன்.

வேலைக்குச் சேர்ந்தபோது சென்னையிலிருந்து ஒருவர் வந்து ஒரு பேச்சைச் சொல்லிக்கொடுத்தார். “இது லிவிங், இது கிச்சன், இது மாஸ்டர் பெட்ரூம், இது கெஸ்ட் பெட்ரூம்.” கெஸ்ட் பெட்ரூமுக்கு வந்ததும் ஆளுயரக் கண்ணாடி ஜன்னலைத் தள்ளித் திறந்து, “பாருங்க சார், காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் வெளிச்சம்” என்று சொல்ல வேண்டும். ஐந்து மாதம் இதையே சொன்னேன். வருகிறவர்களும் “அருமை, அருமை” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில், பழுதெல்லாம் கம்பெனியே பார்க்க, முப்பது வருடம் இருந்தவர்கள் கேட்கும் கேள்விகளே தனி. ஒரு பெரியவர் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, “குழாய் ஒழுகுச்சின்னா கம்ப்ளெயிண்ட் புக் எங்கம்மா இருக்கும்?” என்றார். “சார், இது உங்க சொந்த வீடு. நீங்கதான் பிளம்பரைக் கூப்பிடணும்” என்றேன். நான் ஏதோ மரியாதைக் குறைவாகப் பேசிவிட்டதுபோல என்னைப் பார்த்தார். இன்னொரு அம்மா, தன் பிளாக்கில் காய்க்கும் மாமரத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, இரண்டாவது மாடியில் மாமரம் வைக்க முடியாது என்று கண்டுபிடித்துக் கிளம்பினார். இவர்களுக்கெல்லாம் மண் வேண்டும், மாடி பிடிக்கவில்லை என்று நானும் முடிவு கட்டிவிட்டேன். அது என் முதல் தப்பு.

2. பாய் கேட்ட கஸ்டமர்

சித்திரை மாதம். ஆபீஸ் பத்து மணிக்குத்தான். அன்றைக்கு டைல்ஸ் லோடு வருகிறது என்று ஆறரைக்கே வந்திருந்தேன். ஏழு மணிக்கு ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் சட்டையெல்லாம் பழுப்பு நிலக்கரித் தூள். கையில் ஹெல்மெட், சுரங்கத்தில் போடுவது. பின்னால் கைப்பையோடு இறங்கியவர் அவர் மனைவி.

“வூடு பாக்கணுங்க. நைட் ஷிப்ட் முடிஞ்சி, வூட்டுக்காரிய ஏத்திக்கிட்டு நேரா வரேன். அழுக்கா இருக்கன், உள்ள வரலாமுங்களா?”

அவர் பெயர் கோவிந்தராசு. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் கான்ட்ராக்ட் தொழிலாளி. மனைவி மல்லிகா அரசுப் பள்ளி டீச்சர். முதல் மாடியிலிருந்த சாம்பிள் வீட்டைத் திறந்து என் பேச்சை ஆரம்பித்தேன். அவர் லிவிங்கையும் பார்க்கவில்லை, கிச்சனையும் பார்க்கவில்லை. நேராக இரண்டாவது பெட்ரூமுக்குள் போய், நடுவில் நின்று, சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“ஒரு பாய் கிடைக்குங்களா? கொஞ்ச நேரம் படுத்துப் பாக்கறன்.”

வீடு பார்க்க வந்தவர் தண்ணீர் கேட்டிருக்கிறார், பாத்ரூம் கேட்டிருக்கிறார். பாய் கேட்டவர் இவர்தான். முதலாளிக்கு போன் போட்டேன்.

“லாட்ஜா நடத்தறோம்? அனுப்பிவிடு” என்றார்.

அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அந்த ஆளின் கண்ணைப் பார்த்தால் யாருக்கும் வராது. பாய் இல்லை. எங்கள் நோட்டீஸ் கட்டைப் பிரித்துத் தரையில் பரப்பினேன். ‘கனவு இல்லம்’ என்று கொட்டை எழுத்தில் போட்ட நோட்டீஸ். அதன்மேல் மனிதர் படுத்துவிட்டார்.

எட்டு மணிக்குக் கீழே மோட்டார் போட்டார்கள். பைப் அந்த அறைச் சுவரை ஒட்டித்தான் மேலே போகிறது. சுவரே உறுமியது. எட்டரைக்கு, நான் ஐந்து மாதமாகப் பெருமை பேசிய வெளிச்சம் அவர் முகத்தில் வந்து உட்கார்ந்தது. ஒன்பதுக்கு டைல்ஸ் கொண்டுவந்தவன் காலிங் பெல்லை அழுத்தினான். அந்தப் பெல்லை எலக்ட்ரீஷியன் மாட்டியிருந்தது அந்த அறையின் சுவரில். கோவிந்தராசு எழுந்து வெளியே வந்தார். கண் இன்னும் சிவந்திருந்தது.

“வூடு நல்லாத்தான் இருக்குதுங்க. நமக்கு ஆவாது.”

அவர் முகம் கழுவப் போனபோது மல்லிகா டீச்சர் என்னிடம் சொன்னார். “தப்பா நினைக்காதீங்க. போன வருஷம் வடலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாடகைக்கு இருந்தோம். பகல் முழுக்க ஹாரன். மூணு மாசம் இவர் ஒழுங்கா தூங்கல. ஒரு நாள் ராத்திரி பெல்ட் பக்கத்துல நின்னுக்கிட்டே கண்ணு சொக்கிடுச்சு. கூட இருந்தவர் காலரைப் பிடிச்சு இழுத்திருக்கார். அந்தக் கிழிஞ்ச சட்டை இன்னும் என் பீரோவுல இருக்கு. மறுநாளே எங்க அப்பா குவார்ட்டர்ஸுக்கு வந்துட்டோம். இப்ப அப்பா ரிட்டயர்டு ஆகறார். குவார்ட்டர்ஸைக் குடுத்தாகணும். எனக்கு ஹாலும் வேணாம், பால்கனியும் வேணாம். இவர் பகல்ல தூங்கறதுக்கு ஒரு ரூம் வேணும், அவ்வளவுதான்.”

இருவரும் பைக்கில் ஏறிப் போனார்கள். கசங்கிய நோட்டீஸ்களை நான் பொறுக்கினேன்.

3. என் வீட்டில் இருந்தது

இதை எழுத இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஏழுமலையும் கான்ட்ராக்ட் தொழிலாளி. அவரும் நைட் ஷிப்ட் போகிறவர். எங்களுக்கு அப்போது ஷீட் போட்ட ஒரே அறை. அவர் பகலில் தூங்குகிற வாரமெல்லாம் நானும் எங்கள் மூன்று வயது மகள் யாழினியும் வீட்டில் இருக்க மாட்டோம். அவளைப் பால்வாடியில் விட்டு, மதியம் நேராக சைட் ஆபீசுக்குக் கூட்டி வந்துவிடுவேன். லீவு நாளில் மாரியம்மன் கோயில் மரத்தடி. வீட்டுக்குப் போனால் குழந்தை சும்மா இருப்பாளா? சிரிப்பாள், பாடுவாள், தட்டைத் தட்டுவாள். “ஷ்... அப்பா தூங்கறாரு” என்பதுதான் அவள் தெளிவாகச் சொன்ன முதல் வாக்கியம்.

அன்று மதியம் எதையோ எடுக்க வீட்டுக்குப் போனேன். ஏழுமலை ஈரத்துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஷீட்டிலிருந்து அனல் இறங்கியது. நான் கதவருகே நின்றேன். என் கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்கியது.

எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் ரெண்டாவது பெட்ரூம் எதற்கு என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் யார்? எனக்குத் தெரிந்ததை மூடி வைத்துவிட்டு, எவரோ எழுதிக்கொடுத்த ‘கெஸ்ட் பெட்ரூமை’ ஒப்பித்துக்கொண்டிருந்தேன். காரணம் வெட்கம். அழகாகப் புடவை கட்டி வீடு விற்கிறவள், தன் வீட்டில் படுக்க இடமில்லை என்று காட்டிக்கொள்வாளா? அந்த வெட்கத்தால்தான் ஐந்து மாதம் ஒரு புக்கிங்கும் வரவில்லை.

மறுநாளிலிருந்து ஒரு பாயும் ஒரு நோட்டும் கொண்டு போனேன். கொத்தனார்கள் பார்த்துச் சிரித்தார்கள். பன்னிரண்டு வீட்டு இரண்டாவது பெட்ரூமிலும் பகலில் படுத்தேன். காலையில் ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை. வெயில் எத்தனை மணிக்கு எந்த இடத்தில் விழுகிறது, எந்தச் சத்தம் எந்தச் சுவர் வழியாக வருகிறது என்று எழுதினேன். கிழக்குப் பார்த்த ஆறு அறையில் காலை முழுக்க வெயில். மேற்குப் பார்த்த ஆறில் மதியத்திலிருந்து. மோட்டார் சத்தம் மூன்று மாடிக்கும். காலிங் பெல் பன்னிரண்டு வீட்டிலும் அதே சுவர். தூங்குகிறவனை எழுப்பவென்றே பார்த்துப் பார்த்துக் கட்டியிருந்தோம்.

4. முதலாளி படுத்தார்

நோட்டைக் காட்டினேன். தனசேகர் சார் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மேசையில் போட்டார்.

“வீடு விக்கச் சொன்னா நீ தூங்கி எழுந்து கணக்கு எழுதறியா?”

“சார், நீங்க ஒரு மணி நேரம் படுங்க. அப்புறம் என்னை அனுப்பறதா இருந்தா அனுப்புங்க.”

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. வேலை எப்படியும் ஆடியோடு போகப் போகிறது, பேசிவிட்டுப் போவோம் என்ற நினைப்பாக இருக்கலாம். அவர் நல்ல மனிதர், அதோடு மதியம் பிரியாணி சாப்பிட்டிருந்தார். “சரி, பாத்துடலாம்” என்று மேற்குப் பார்த்த வீட்டில், வெள்ளைச் சட்டையோடு என் பாயில் படுத்தார். நான் கீழே போய் மோட்டாரைப் போட்டேன். மேலே வந்து பெல்லை ஒரு தடவை அழுத்தினேன். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை.

மூன்றாவது தடவை அழுத்துவதற்குள் கதவு திறந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“போதும் தாயே. என்ன பண்ணணும், சொல்லு.”

சொன்னேன். மோட்டாரையும் பைப்பையும் பின்பக்கம், கிச்சன் ஓரமாக மாற்ற வேண்டும். காலை ஆறு மணிக்கு முன்னால் ஒரு தடவை, மதியம் மூன்று மணிக்கு மேல் ஒரு தடவை மட்டும் தண்ணீர் ஏற்ற வேண்டும். கண்ணாடிக்கு உள்பக்கம் மரக்கதவு. வெளியே சன்ஷேடை நீட்ட வேண்டும். காற்றுக்கு மேலே வென்டிலேட்டர். காலிங் பெல்லைக் கிச்சனுக்கு மாற்றி, அதை அணைத்து வைக்க ஒரு சுவிட்ச்.

“கண்ணாடி எங்கேருந்து வரவழைச்சது தெரியுமா?” என்றார் ஒரே ஒரு தடவை. மறுநாள் ஆசாரி வந்துவிட்டார்.

5. பலாப்பழ வண்டி

ஆனி பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். சாம்பிள் வீட்டில் வேலை முடிந்ததும் மல்லிகா டீச்சருக்கு போன் செய்தேன்.

“டீச்சர், இன்னொரு தடவை சாரைப் படுத்துப் பாக்கச் சொல்லுங்க. இந்தத் தடவை பாய், தலகாணி எல்லாம் ரெடி.”

“வேற எடத்துல அட்வான்ஸ் குடுக்கலாம்னு இருக்கோம்” என்றார். பிறகு, “சரி, இன்னிக்கு அவருக்கு நைட் ஷிப்ட். காலையில முடிஞ்சதும் வரோம்” என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு கோவிந்தராசு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். மரக்கதவை அடைத்ததும் அறை நல்ல இருட்டு. நானும் டீச்சரும் ஹாலில் தரையில் உட்கார்ந்தோம். டைல்ஸ் வெட்டும் ஆட்களை அன்று மதியம்வரை பூச்சு வேலைக்கு மாற்றியிருந்தேன். தனசேகர் சாரும் வந்து, செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு மேலே ஏறி, எங்களோடு உட்கார்ந்தார். ஒரு ஆள் தூங்க, மூன்று பேர் காவல். யாராவது பார்த்திருந்தால் உள்ளே பிரசவம் நடக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

எட்டு, ஒன்பது, பத்து. பள்ளிக்கு லீவு போட்டிருந்த டீச்சர் விடைத்தாள் கட்டு ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். தாளைப் புரட்டும் சத்தம்கூட எனக்குப் பெரிதாகக் கேட்டது.

பதினொன்றுக்கு அது வந்தது. “பண்ருட்டிப் பலா! பண்ருட்டிப் பலா! தேனாட்டம் பலா!” ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ. எங்கள் தெருமுனையில் திரும்புகிறது. நான் எழுந்த வேகத்தில் செருப்பு மாட்ட மறந்துவிட்டேன். சித்திரை வெயிலைவிட ஆனி வெயில் குறைவு என்று சொல்கிறவர்கள் அன்று அந்தத் தார் ரோட்டில் ஓடிப் பார்த்திருக்க வேண்டும்.

“அண்ணே! அண்ணே! மைக்கை நிறுத்துங்க!”

“ஏம்மா, எழவு வூடா?”

“இல்லண்ணே. நைட் ஷிப்ட் முடிச்சி ஒருத்தரு தூங்கறாரு.”

அந்த ஆள் வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை. உடனே மைக்கை அணைத்தார். “எங்க தம்பியும் மைன்ஸ்லதாம்மா வேலை செய்யறான்” என்று சொல்லிவிட்டு, வண்டியை இறங்கித் தள்ளிக்கொண்டே எங்கள் கட்டடத்தைத் தாண்டினார். முனை திரும்பிய பிறகுதான் ஸ்டார்ட் செய்தார். நான் நடுரோட்டில் வெறுங்காலோடு நின்றேன். இந்த ஊரில் இதைத்தான் சொல்லி விற்க வேண்டும், சொன்னால் எல்லாருக்கும் புரியும் என்று அந்த நிமிடம்தான் எனக்கு உறுதியானது.

பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. டீச்சர் இரண்டு தடவை கதவில் காது வைத்துக் கேட்டுவிட்டு வந்தார். இரண்டரைக்குக் கதவு திறந்தது. கோவிந்தராசு லுங்கியோடு, தலை கலைந்து, எங்கள் மூன்று பேரையும் பார்த்துத் திடுக்கிட்டார்.

“மணி என்னா? ஒம்போது ஆயிடுச்சா?”

“ரெண்டரைங்க” என்றார் டீச்சர். சொல்லிவிட்டு அழுதுவிட்டார். விடைத்தாள் கட்டில் முகத்தை மறைத்துக்கொண்டார்.

கோவிந்தராசுக்கு ஒன்றும் புரியவில்லை. அறையைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி எங்களைப் பார்த்தார். “பொழுது போனதே தெர்லீங்க” என்றார். பிறகு முதல் முறையாக, ஹால் எங்கே, கிச்சன் எங்கே என்று சுற்றிப் பார்க்கப் போனார்.

ஆடி பிறக்கப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது எங்கள் முதல் புக்கிங். இரண்டாவது மாடி, கிழக்குப் பார்த்த வீடு.

6. வெட்கப்படாதீர்கள்

அடுத்த நோட்டீசில் ‘கனவு இல்லம்’ இல்லை. ‘நைட் ஷிப்ட் முடிந்து வருகிறீர்களா? எங்கள் வீட்டில் படுத்துப் பாருங்கள்’ என்று நான் எழுதினேன். ஆபீஸ் நேரத்தையும் காலை ஆறரைக்கு மாற்றினோம். ஆடி மாதத்தில் வீடு பார்க்க ஆள் வராது என்பார்கள். எங்களுக்குப் பாய் பற்றாமல் இன்னும் மூன்று வாங்கினோம். தைக்குள் பதினொரு வீடு போய்விட்டது. நர்ஸ், பவர் ஸ்டேஷன் ஆபரேட்டர், செக்யூரிட்டி, எல்லாம் ஷிப்ட் பார்க்கிற வீடுகள். பகலில் அந்தக் கட்டடத்தில் யாரும் மிக்சி போட மாட்டார்கள். யாரும் சட்டம் போடவில்லை, தானாகவே அப்படி ஆகிவிட்டது.

இப்போது எங்கள் கம்பெனிக்கு ஏழாவது கட்டடம் நடக்கிறது. போன மாதம் சென்னை இன்ஜினீயர் பிளான் அனுப்பியிருந்தார். இரண்டாவது அறையில் ‘கெஸ்ட் பெட்ரூம்’ என்று இருந்தது. பேனாவை எடுத்து அடித்துவிட்டு ‘பகல் தூக்க அறை’ என்று எழுதினேன். இன்ஜினீயர் போனில் சிரித்தார். தனசேகர் சார் போனை வாங்கி, “அந்தம்மா எழுதினா எழுதினதுதான். அப்படியே போடுங்க” என்றார். எனக்கு அன்று ஒரு சாண் உயரம் கூடியதுபோல இருந்தது. மறைப்பானேன்?

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, நான் கற்றது இவ்வளவுதான். வீட்டை உங்களுக்கு வசதியான நேரத்தில் காட்டாதீர்கள், வாங்குகிறவர் எந்த நேரத்தில் அதில் வாழப்போகிறாரோ அந்த நேரத்தில் காட்டுங்கள். உங்கள் வீட்டில் என்ன இல்லையோ அதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

பன்னிரண்டில் பதினொன்று போனது என்று சொன்னேன் அல்லவா? அந்த சாம்பிள் வீட்டைக் கொஞ்ச காலம் ஆபீசாக வைத்திருந்தோம். பிறகு அதையும் விற்றோம். என் சம்பளத்தில் லோன் போட்டு அதை வாங்கியது நானும் ஏழுமலையும்தான்.

குடி போன வாரமே அவருக்கு நைட் ஷிப்ட். காலையில் வந்தவர் குளித்துவிட்டு அந்த அறைக்குள் போனார். கோவிந்தராசு படுத்த அதே இடம். நான் மரக்கதவை அடைத்து, பெல் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தேன். அன்று எனக்கு லீவு. யாழினி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள், கோயில் மரத்தடிக்குப் போக வேண்டும் என்று. “இன்னிக்கு எங்கேயும் போவ வேணாம். இங்கயே விளையாடு” என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. செருப்போடே ஹாலில் உட்கார்ந்து சொப்பு வைத்து விளையாடினாள், சோறு ஆக்கினாள், பாட்டுக்கூடப் பாடினாள்.

மூன்று மணிக்கு ஏழுமலை கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஹாலில் பரவிக்கிடந்த சொப்புகளைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

“எப்ப வந்தீங்க?”

“நாங்க எங்கியும் போவலீங்க” என்றேன். “காலையிலேருந்து வூட்டுலதான் இருக்கோம்.”